அம்பொன்சாவிடம் வந்த இரண்டு ரம்பங்கள்

கல்யாணமான வருஷம் மோட்டார் ரம்பத்தைத் தூக்கியவர் அம்பொன்சா. இப்போது மூத்த மகளுக்கே பிள்ளைகள். செஃப்வி காட்டில் அவர் சாய்க்காத மரவகை இல்லை. காலையில் களைப்போடு எழுவது அவருக்குப் பழகிவிட்டது. இடுப்பு ஒரு பக்கம் இழுக்கும். விரல் நுனிகள் வெளுத்துச் சில்லிட்டிருக்கும். சட்டைப் பொத்தானை மனைவி செர்வாதான் போட்டுவிடுவாள். மழைக் குளிர் என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தார். மழை நின்று வெகுநாளாகிவிட்டது.

அன்று மரக் கம்பெனி மேற்பார்வையாளர் லார்பி, பிக்கப் வண்டியில் இரண்டு புது ரம்பங்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஒன்று பெரியது, சங்கிலி ஓடும் இரும்புப் பட்டை நீளமானது. மற்றது சின்னது, எடை குறைவு, கை அதிராமலிருக்கக் கைப்பிடியில் ஸ்பிரிங் வைத்தது.

"எல்லாக் கோஷ்டிக்கும் ஒரே மாதிரி வாங்கப்போறோம். ரெண்டையும் ஓட்டிப் பாத்து எதுன்னு சொல்லுங்கண்ணே. உங்க வாயில வர்றதை அப்படியே மேல சொல்லிடறேன்."

"முதல்ல அந்த வாய்க்கு நல்ல கஞ்சியா ஊத்துங்க சார்," என்றான் டாவியா. பல வருஷமாக அம்பொன்சா அறுக்கும் மரப் பிளவில் ஆப்பு அடிக்கிறவன் அவன்.

பெரியதை வைத்து ஒரு எமிரே மரத்தைச் சாய்த்தார். வெந்த கிழங்கில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. பெட்ரோலையும் அதே வேகத்தில் குடித்தது. சின்னதைக் கொண்டு வாவா மரம் ஒன்றை அறுத்தார். ரம்பத்தின் பட்டை எட்டாததால் மரத்தைச் சுற்றி வந்து மறுபக்கமும் அறுக்கவேண்டியிருந்தது. மரம் விழுந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டாவியா இரண்டு ரம்பத்தையும் எடுத்து, விழுந்த மரங்களின் கிளைகளைக் கழித்தான்.

மதியம் அவித்த வாழைக்காயும் கருவாடும் தின்னும்போது லார்பி கேட்டார்: "எதுண்ணே கையை அதிகம் ஆட்டுது?"

அம்பொன்சா மென்றுகொண்டே இருந்தார். "ரெண்டும் ஒண்ணுதான்."

டாவியா சிரித்துவிட்டான். "என்ன மாமா! பெருசு கயித்துல கட்டின கடா மாதிரி துள்ளுது. கொஞ்ச நேரம் பிடிச்சதுக்கே எனக்குப் பல்லெல்லாம் ஆடிப்போச்சு. எப்படி ஒண்ணுங்கறீங்க?" சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். "மாமா, கையைக் காட்டுங்க. வெந்து கிடக்கே!"

ரம்பத்தை மாற்றி எடுக்கும்போது சூடான புகைக்குழாயில் இடது கை பட்டிருக்கிறது. தோல் உரிந்து தொங்கியது. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல அம்பொன்சா அதைப் பார்த்தார்.

"வலிக்கலையா?"

"தெரியல."

லார்பி தட்டைக் கீழே வைத்தார். "எப்போலேர்ந்துண்ணே இப்படி?"

"போன மழைக்கு முந்தின மழையிலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ரம்பத்தைப் பிடுங்கிக்குவீங்க. எனக்கு வேற என்ன தெரியும்?"

டாவியா தண்ணீரை எடுத்து அந்தக் கையில் ஊற்றினான். பிறகு அம்பொன்சாவே சொன்னார்: "சின்னதையே வாங்குங்க. பொழுதாகும், ஆகட்டும். ரொம்பத் தடிச்ச மரத்துக்குப் பெருசு ஒண்ணு பொதுவுல கிடந்தா போதும்."

"மேல இருக்கறவங்க வேகத்தைத்தானே கேப்பாங்க."

"அவங்களையே ஒரு நாள் பிடிக்கச் சொல்லுங்க." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படவும் தெம்பில்லை.

வீட்டில் செர்வா புண்ணுக்கு மருந்து தடவிக்கொண்டே, "மழைன்னு சொன்னீங்களே, எந்த ஊரு மழை?" என்று கேட்டாள். ரம்பத்தின் அதிர்வில் விரல் மரத்துப்போன உண்மையை அவர் சொன்னார். அவள் திட்டத் தொடங்கினாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே, தட்டில் ஃபுஃபுக் களி ஆறிக்கொண்டிருக்க, தூங்கிப்போனார்.

லார்பி மேலே என்ன பேசினாரோ, சின்ன ரம்பங்கள்தான் வந்தன. மரத்துப்போன விரல் முழுசாகத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெட்டுமுன் மரத்தின் உச்சியைப் பார்த்து, கொடிப் பின்னலும் பட்டுப்போன கிளையும் இருந்தால் எச்சரிக்கும் வேலையை அம்பொன்சாவுக்குக் கொடுத்தார் லார்பி. முதல் நாளே, பக்கத்து மரத்தோடு கொடி பின்னிய ஒன்றை வெட்டவேண்டாம் என்று அம்பொன்சா தடுத்தார். அவருக்குப் பதில் இப்போது அறுக்கிற டாவியா முணுமுணுத்தபடி புது ரம்பத்தோடு அடுத்த மரத்துக்கு நடந்தான். அம்பொன்சா உடனே பின்னால் போகவில்லை. வேரில் உட்கார்ந்து கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.