சாப்பாட்டுக்கடைச் சுவரில் திரண்ட மேகம்

சங்கரன்கோவிலில் மீன் சாப்பாட்டுக்கடை வச்சிருக்கவளுக்குக் கடல் மேல ஆசை வரக்கூடாதா? எனக்கு வந்தது. கடையைப் புதுப்பிக்கும்போது கிழக்குச் சுவர் முழுக்கக் கடல் வரையணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். ஃப்ளெக்ஸ் ஒட்டினா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்னு வீட்டுக்காரர் சொன்னார். ஃப்ளெக்ஸ் கடல் எல்லா ஊர்லயும் ஒரே கடல்தான், எனக்கு அது வேண்டாம்னுட்டேன்.

தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு ஓவியர் வந்தார். என்னைவிட இளையவர். கடல் மட்டும்தான் வரைவாராம். வந்ததிலிருந்து வானத்தையே போட்டுக்கிட்டிருந்தார்.

"தம்பி, கடல் எப்ப வரும்?"

"வானம் சரியா வந்தாத்தான் அக்கா, கடலுக்கு நிறமே வரும்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. ஆனா கடலையும் போட்டு முடிக்கவும் கோவம் போன இடம் தெரியல. அலை மடங்குற இடத்துல, உள்ளேருந்து வெளிச்சம் வர்ற மாதிரி ஒரு பச்சை. தூரத்துல கடலும் வானமும் சேருற இடத்துல கோடே கிடையாது. ஈரத்துணியால லேசாத் துடைச்சு விட்டிருந்தார், அவ்வளவுதான். மேல பூரா கருமேகம். சத்தியமாச் சொல்லுதேன், சுவத்துல கைவச்சா நனைஞ்சிருமோன்னு இருந்தது.

அது புரட்டாசிக் கடைசி. எங்க கரிசக்காட்டுப் பக்கம் மழைக்கு முன்னாலயே புழுதியில விதைச்சுப் போட்டுட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அந்த ஆட்கள்தான் என் வாடிக்கை. ஒருத்தராவது கடலைப் பாக்கணுமே, ம்ஹூம். எல்லார் கண்ணும் சுவத்து மேகத்துலதான்.

"இது பெய்யாது வே. அடி வெளுத்திருக்கு பாரும்."

"உமக்கென்ன தெரியும்? தெக்க பாரும், நல்லாக் கூடியிருக்கு."

மீன்குழம்பு ஆறுறதுகூடத் தெரியாம சண்டை. ஓவியர் நொந்துபோய், அலை எப்படி இருக்குன்னு அவரே கேட்டுப் பாத்தார். "உப்புத்தண்ணியை வச்சு என்ன செய்ய?"ன்னுட்டாங்க.

மறுநாள் மத்தியானம் பக்கத்துல இருக்க திருவேங்கடத்திலிருந்து எங்க அப்பா சாப்பிட வந்தார். அவர் முதல்ல போட்ட மக்காச்சோளம் ஒரு தூறலை நம்பி முளைச்சுக் கருகிப்போச்சு. திரும்பவும் விதை வாங்கிப் போட்டிருந்தார். இதுவும் போனா இந்த வருசம் காடு தரிசுதான். அவர் சுவர் முன்னால நின்னு ரொம்ப நேரம் பாத்தார். ஓவியர் படத்து மூலையில தன் பேரை எழுதிக்கிட்டிருந்தார்.

"தம்பி, காத்து எங்கேருந்து அடிக்கி?"

"கடல்லேருந்து கரைக்குங்கய்யா. நுரையைப் பாருங்க, இந்தப் பக்கம்தானே சாயுது." அலையைக் காட்ட ஒரு ஆள் கிடைச்ச சந்தோசம் அவருக்கு.

"கரை எங்கன இருக்கு?"

"நீங்க நிக்கிற இடம்தான்யா கரை."

அப்பா தலையாட்டினார். உக்காந்து வயிறாரச் சாப்பிட்டார். கை கழுவிட்டு வந்து பையை எடுத்தார்.

"ஏட்டி, நான் வாரேன். மழை விழுந்துட்டா யூரியாவுக்குக் கூட்டம் கூடிரும். இப்பமே வாங்கி வைக்கணும்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்தது. அவர் முகத்தைப் பாத்ததும் அடங்கிப்போச்சு. வெளியே வெயில் மண்டையைப் பொளந்துக்கிட்டிருந்தது, அவர் துண்டைத் தலையில போட்டுக்கிட்டு விறுவிறுன்னு போறார்.

ஓவியருக்கு முகமே வெளிறிப்போச்சு. "அக்கா, அது வெறும் படம்னு ஐயாகிட்டச் சொல்லுங்க."

"நீங்களே போய்ச் சொல்லுங்க, தம்பி."

அவர் போகல. பேரைப் பாதியில விட்டுப் பிரஷ்ஷை வச்சுட்டு வாசலுக்குப் போய், கிழக்க நிஜ வானத்தையே பாத்துக்கிட்டு நின்னார். எச்சில் இலையை எடுக்காம நானும் போய்ப் பக்கத்துல நின்னேன்.