பகலில் அடைத்த கதவு

பிழைக்க வடக்கே வந்த தமிழர்கள் நிறைந்த எங்கள் லேபர் கேம்ப் சந்தில் பகலில் யாரும் கதவை அடைப்பதில்லை. ஒரு திரைச்சீலை தொங்கும், அவ்வளவுதான். அடைத்திருந்தால் வீட்டில் ஆள் இல்லை. ஆள் இருந்தும் அடைத்திருந்தால் உள்ளே என்னமோ நடக்கிறது. அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் கதவை அடைத்தேன்.

அழுவதற்குத்தான். அத்தனை நாளும் நான் அழுததை ஆளாளுக்கு வந்து பார்த்தார்கள். குறைத்து அழுதால் கல்நெஞ்சுக்காரி. கூட அழுதால், "இனி இவளுக்கு யாரு இருக்கா" என்று உச்சுக்கொட்டல். கல்யாணம் ஆகாத நாற்பத்திரண்டு வயதுக்காரி நிம்மதியாக மூக்குச் சிந்தக்கூட முடியாதென்றால் என்ன பிழைப்பு இது! வேலையும் வீட்டிலேயேதான். டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் காதில் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்கும் அடைத்த கதவு வசதியாக இருந்தது.

ஒரு வாரம் பொறுத்தார்கள். பிறகு பக்கத்து வீட்டு மதினி உறைமோர் கேட்டு வந்தாள். காலையில்தான் அவள் வீட்டில் ஒரு சட்டித் தயிரைப் பார்த்திருந்தேன். அவள் கண் என் தோளைத் தாண்டி உள்ளே துழாவியது.

"கட்டிலுக்கு அடியிலயும் பாத்துருங்க மதினி" என்று விலகி நின்றேன்.

பாவி, குனிந்தே பார்த்துவிட்டாள்!

அடுத்து எங்கள் ஊர்க்காரர் சங்கத்து அண்ணாச்சி வந்தார். "ஏம்மா, பட்டப்பகல்ல கதவ அடைச்சிக்கிட்டு அப்படி என்ன வேலை? வயசுப் பிள்ளைய இருக்க எடம். நாலு பேரு நாலு விதமா பேசுதாவ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேசுதவங்கள எங்கிட்ட வரச் சொல்லுங்க அண்ணாச்சி. எங்க வீட்டுக் கதவ அடைக்க நான் யாருகிட்ட கேக்கணும்?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே ஒரு தாளில் தமிழிலும், தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக ஹிந்தியிலும் 'தட்டாதீர்கள்' என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். அதற்குப் பிறகு ஒருவரும் தட்டவில்லை. முதல் மாதம் ஆசை தீர அழுதேன். சில நாள் அழத் தோன்றாமல் சும்மா படுத்துக் கிடந்தேன். அதுவும் சுகமாகத்தான் இருந்தது.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மதினியின் குக்கர் விசில் எண்ண முடிகிற அளவுக்குக் கேட்டது. வாசலில் விளையாடிய பிள்ளைகளை அவள் அதட்டினாள். "அங்கன போங்கல, அத்தைக்குச் சத்தம் பிடிக்காது." யாராவது தட்டமாட்டார்களா என்று கிடந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அப்படித்தான் கிடந்தேன்.

மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன். மதினி பதறிவிட்டாள். "ஏளா, ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா?"

"நீங்க தட்டிப் பாத்திருக்கலாம்லா?"

"நீதான தட்டக்கூடாதுன்ன."

அவள் குரலில் குத்தல் இல்லை. நான் சொன்னதை நம்பியிருக்கிறாள். கஞ்சி கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கும்பாவை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டாள்.

"கதவ அடைக்கட்டா, தொறந்தே கெடக்கட்டா?"

பிறந்ததிலிருந்து இந்தச் சந்தில் இருக்கிறேன். இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. திறந்தே கிடக்கட்டும் என்று வாய் வரைக்கும் வந்தது.

"அடைச்சிருங்க மதினி" என்றேன்.