இன்ஜின் பெட்டிமேல் சாரதாமணி

தார்ப்பாய்த் துண்டை நாலாக மடித்து, ஒரு தட்டுத் தட்டி, டிரைவருக்குப் பக்கத்திலிருக்கும் இன்ஜின் பெட்டியின்மேல் போட்டு, சேலைக் கொசுவத்தை ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டு சாரதாமணி உட்கார்ந்துவிட்டால், மோகனூரிலிருந்து எட்டரை வண்டி கிளம்பப்போகிறது என்று அர்த்தம். டிரைவர் அமிர்தசாமி கழுத்துச் சிலுவையைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுச் சாவியைத் திருகுவார். பெட்டி உறுமும். சாரதாமணியும் சேர்ந்து குலுங்குவாள். "அடுப்பு பத்திக்கிச்சுங்க, இனி இட்லி வேக வேண்டியதுதான்" என்பாள். தினமும் இதே பேச்சுத்தான். அமிர்தசாமியும் தினமும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார். சேலத்துக்காரர், மரியாதை தெரிந்த மனுசர்.

ஆள் நல்ல உயரம். முகத்தை முந்திக்கொண்டு வரும் குங்குமப் பொட்டு. கனகாம்பரம் இல்லாத நாளில் ஒரு செவ்வரளியாவது தலையில் இருக்கும். குரல் மட்டும் கொஞ்சம் கரகரவென்று வரும். அதை அவள் ஒளிப்பதுமில்லை, மெல்லப் பேசி மழுப்புவதுமில்லை. மோகனூருக்குப் பக்கத்தில் தோட்டம் துரவு உள்ள வீட்டில் பிறந்தவள். பெற்றவர்கள் வைத்த பெயர் சின்னண்ணன். "பேருலயே அண்ணனைக் கட்டி உட்டாங்க, அதான் சேரலீங்க" என்று சிரிப்பாள். இருபது வயதுக்குள் ஊரைவிட்டுப் போனாள். சேலை கட்டிக்கொண்டு திரும்பி வந்தவளை வீட்டார் வாசலோடு நிறுத்திவிட்டார்கள். ஆற்றோரம் ஓலைக் குடிசையாக ஒரு சாளை போட்டுக்கொண்டு, சாரதாமணி என்று தனக்குத்தானே பெயரும் வைத்துக்கொண்டாள். யாராவது 'சாரதா' என்று பாதியில் நிறுத்தினால் திரும்ப மாட்டாள். ஆசைப்பட்டு வைத்த பெயர், முழுசாகச் சொன்னால் வாயா வலிக்கும்?

பள்ளிக்கூடப் பிள்ளைகள் சில நேரம் அவளைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்லிக் கத்திவிட்டு ஓடும். எந்த எண் என்று நான் எழுத வேண்டியதில்லை, நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாரதாமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அதுக்கப்பறம் என்ன வரும்னு சொல்லு கண்ணு, வாத்தியார் சொல்லிக் குடுக்கலியா?" என்று கேட்பாள். முக்கால்வாசிப் பிள்ளைகள் நின்று, "பத்து" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடும்.

சரி, பஸ்ஸில் இத்தனை சீட் இருக்க அவள் ஏன் கொதிக்கிற பெட்டிமேல் உட்கார வேண்டும்?

நம் பஸ்களில் இடப்பக்கம் பொம்பளைகள், வலப்பக்கம் ஆம்பளைகள். சாரதாமணி எந்தப் பக்கம் என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை, சந்தேகமெல்லாம் ஊருக்குத்தான். இடப்பக்கம் போய் உட்கார்ந்தால், வெற்றிலைக் கூடைக்காரி பொன்னாத்தாள் வரிந்துகட்டிக்கொண்டு வருவாள். "இது பொம்பளைங்க சீட்டு, அக்கட்டால போ" என்பாள். பொன்னாத்தாள் தொண்டை திறந்தால் ஆற்றுக்கு அந்தக் கரையில் ஆடு மிரளும். வலப்பக்கம் போனாலோ, பக்கத்தில் இருப்பவர் தேள் கொட்டினாற்போல எழுந்து நின்றுகொள்வார். சிலர் எழ மாட்டார்கள். "எந்திரிச்சுப் போறவனாவது தேவலைங்க, எந்திரிக்காதவந்தான் மோசம்" என்பாள் சாரதாமணி. வலப்பக்கம் உட்கார நேர்ந்த நாட்களில், கொண்டையில் செருகியிருக்கும் கோணி ஊசி அவள் கைக்கு வந்துவிடும். அந்த ஊசியின் ருசி தெரிந்த பெரிய மனிதர்கள் ஊருக்குள் வெள்ளை வேட்டியோடு நடமாடுகிறார்கள்.

கடைசியில் கண்டக்டர் கந்தவேல் பஞ்சாயத்துப் பண்ணினான். "இக்கட்டயும் சண்டை, அக்கட்டயும் சண்டை. எனக்கு டிக்கெட்டுப் போடறதா, உங்களை வெலக்கி உடறதா? நீ பேசாம பெட்டி மேல உக்காந்துக்க" என்றான். ஆக, இடமும் இல்லாத வலமும் இல்லாத நடுவில் அவளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியாயிற்று. டிக்கெட் மட்டும் முழு டிக்கெட்.

அவளுக்கு எங்கே போனாலும் இந்த நடுவிடம்தான். டூரிங் கொட்டகையில் மணல் தரைக்கு நடுவே ஆம்பளை பொம்பளைக்கு ஒரு கட்டைச்சுவர் உண்டல்லவா? சாரதாமணி அந்தச் சுவரின் மேலேயே ஏறி உட்கார்ந்து படம் பார்ப்பாள். "எனக்குத்தானுங்க பால்கனி" என்பாள். ஆஸ்பத்திரியில் இந்த வரிசைக்காரர்கள் அந்த வரிசைக்குப் போகச் சொல்வார்கள், அந்த வரிசைக்காரர்கள் இங்கே விரட்டுவார்கள். அவள் முறை வருவதற்குள் டாக்டர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

வேலை நாமக்கல்லில், ஒரு லாரிப் பட்டறையில். கிழிந்த தார்ப்பாய்களுக்கு ஒட்டுப் போட்டுத் தைக்க வேண்டும். ஒரு தார்ப்பாயை விரித்தால் அரைக் களம் அடைக்கும். அதன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சணல் நூலுக்கு மெழுகு தேய்த்தபடி தார்ப்பாயோடு பேசிக்கொண்டிருப்பாள். "எங்கடி போயி கிழிச்சுக்கிட்டு வந்த? பம்பாயா, கல்கத்தாவா? பாரு, தோள்பட்டையெல்லாம் போச்சு." கிழிசல் பெரிதாக இருந்தால் திட்டு விழும். சின்னதாக இருந்தால், "இதுக்கா அழுத" என்று ஒரு தட்டு.

ஒருதரம் நாலு லாரி சேர்ந்து வடக்கே போனது. வழியில் வெள்ளம். மூன்று லாரிச் சரக்கு நனைந்து நாறிப்போக, சாரதாமணி தைத்த தார்ப்பாய் போட்ட லாரி மட்டும் காய்ந்த சரக்கோடு திரும்பி வந்தது. விடுமா ஊர்? சாரதாமணிக்குக் கைராசி என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து புது லாரி வந்தால், முதல் லோடு ஏற்றினால், அவள்தான் பூசணிக்காய் சுற்றிப் போட வேண்டும். கார் அனுப்பிக்கூடக் கூட்டிப்போவார்கள். திருஷ்டி கழித்து முடிந்ததும் காபியைத் தனி டம்ளரில் தருவார்கள்.

"லாரிக்கு நான் மகாலட்சுமி, பஸ்ஸுக்கு மூதேவி" என்பாள் சாரதாமணி. அவள் சிரித்துக்கொண்டு சொல்லிவிடுகிறாள். கேட்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது. ஊர்க் கண்ணையெல்லாம் வழித்துப் போட அவள் கை வேண்டுமாம், பக்கத்து சீட்டில் அவள் முழங்கை மட்டும் படக் கூடாதாம். இது எந்த ஊர் நியாயமோ.

எண்பத்திரண்டாம் வருஷக் கோடையில் பெட்டிச் சூடு தார்ப்பாயையும் மீறி ஏறித் தொடையில் கொப்புளம் போட்டது. ஆறுவதற்குள் அதன்மேலேயே இன்னொன்று. "இனி சூட்டுல உக்காந்தா புண்ணு புரையோடிப் போகும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நின்றுகொண்டு போகலாமென்றால், வழியை மறிக்கிறாள் என்று இரண்டு பக்கமும் இடிப்பார்கள். வேலைக்குப் போகாவிட்டால் சாளையில் அடுப்பு எரியாது. என்ன செய்வாள், இன்னொரு தார்ப்பாய்த் துண்டைச் சேர்த்துவைத்துத் தைத்துக்கொண்டாள்.

எண்பத்துமூன்றாம் வருஷம் தை மாதம், பஸ் முதலாளி மயில்சாமி அதே எட்டரை வண்டிக்குப் புது பஸ் இறக்கினார். கரூரில் கட்டி வந்த வண்டி, பச்சைக்கிளி நிறம். வெள்ளிக்கிழமை பூசை. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் முதல் நடை கிளம்பியாக வேண்டும். பூசணிக்காய் சுற்ற யாரைக் கூப்பிட்டிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

சாரதாமணி மஞ்சள் சேலையில் வந்தாள். காயின் உச்சியில் சூடம் எரிய, வலமாக மூன்று, இடமாக மூன்று என்று வண்டியைச் சுற்றி முன்பக்கம் வந்தவள், கண்ணாடி வழியே உள்ளே பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். டிரைவரையும் இன்ஜின் பெட்டியையும் சேர்த்துக் கம்பி அடைத்திருந்தது.

"ஏனுங்க, உள்ள என்னுங்க கம்பி?"

"புது மாடலு. இனி ஒருத்தரும் பெட்டி மேல உக்கார முடியாது" என்றார் மயில்சாமி பெருமையாக. "நீ காயைப் போடு, நேரமாச்சு."

"அப்ப நான் எங்கீங்க உக்கார்றது?"

"அதை அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம் அப்பறம்னு என்ர தலை நரைச்சுப் போச்சுங்க."

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். திருஷ்டிக்குச் சுற்றிய காயைச் சுற்றினவர்தான் உடைக்க வேண்டும். கை மாற்றக் கூடாது, சும்மா கீழே வைக்கவும் கூடாது. வண்டிக்குள் மட்டும் அது போகவே கூடாது. போனால் போச்சு, ஊர்க் கண் மொத்தமும் உள்ளே போய்க் குடியேறிவிடும். மோகனூரில் கைப்பிள்ளைக்குக்கூட இது தெரியும். சாரதாமணி எரிகிற சூடத்தோடு காயை ஏந்திக்கொண்டு, புது பஸ்ஸின் படியில் ஒரு காலைத் தூக்கி வைத்தாள்.

மயில்சாமிக்கு வேர்த்துவிட்டது. "ஏய், காயோட ஏறாத."

"எடம் இருக்குதான்னு பாத்துட்டு வந்தர்றனுங்க."

"எறங்கு சாமி, எறங்கு. எங்க வேணுமோ அங்க உக்காந்துக்க."

"எங்க வேணுமோன்னா எப்படீங்க? எடஞ் சொல்லுங்க."

"பொம்பளைங்க சீட்டுலதான், வேற எங்க."

"கண்டக்டருக்குக் கேக்கலீங்க."

மயில்சாமி கடிகாரத்தைப் பார்த்தார், சூடத்தைப் பார்த்தார், கடன் வாங்கிக் கட்டிய வண்டியைப் பார்த்தார். பிறகு கூடியிருந்த ஊருக்கே கேட்கும்படி, "கந்தவேலு, இந்த அம்மிணி இனிப் பொம்பளைங்க பக்கந்தான் உக்காரும். எவனாச்சும் கேட்டா நாஞ் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

சாரதாமணி காலை இறக்கினாள். காயைத் தலைக்குமேல் தூக்கி ஒரே போடு. உள்ளே அடைத்திருந்த குங்குமம் மயில்சாமியின் வேட்டிவரை தெறித்தது. டிரைவர் அமிர்தசாமி அவளைப் பார்த்து, "இனி இட்லி வேகாது" என்றார். வாழ்நாளில் அவர் அடித்த ஒரே நகைச்சுவை அதுதான்.

முதலாளி சொல்லால் கந்தவேல் வாயைக் கட்டலாம். பொன்னாத்தாளை என்ன செய்வது? அவள் சண்டைக்கு வரவில்லை, அதுவே வினையாய்ப் போயிற்று. சாரதாமணி இடப்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை. நிற்க இடமில்லாமல் பொம்பளைகள் கம்பியில் தொங்கினாலும் அந்த அரை சீட் காலியாகவே நாமக்கல் போய்ச் சேரும். "ஓனரு எனக்கு ரெண்டு சீட்டு குடுத்துட்டாருங்க" என்று சாரதாமணி சிரித்தாள். ஆனால் நாளுக்கு நாள் ஜன்னல் பக்கமாக ஒடுங்கிக்கொண்டே போனாள், பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடம் தெரிந்தால் யாராவது உட்கார மாட்டார்களா என்று. தொடைப்புண் ஆறிக்கொண்டு வந்தது. அந்தக் காலி இடம் அதைவிட எரிந்தது.

இன்னொன்றும் இருந்தது. நம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவர் மடி ஊருக்குப் பொது. நிற்கிறவர்கள் கூடை, தூக்குச்சட்டி, புத்தகப் பை, கால் கட்டிய கோழி, கைப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்காமலே அதில் வைத்துவிடுவார்கள். யார், எவர் என்று பார்ப்பதில்லை. சாரதாமணி மடியில் மட்டும், பழக்கம் விடாமல் அவள் கொண்டுவரும் அந்த நாலு மடிப்புத் தார்ப்பாய்த் துண்டு கிடந்தது, வேறொன்றும் இல்லை.

பங்குனியில் ஒரு சந்தை நாள். வண்டி பிதுங்கியது. பொன்னாத்தாள் காலடியில் வெற்றிலைக் கூடை, இடுப்பில் இரண்டு வயது மகள் செல்லாயி, ஒரு கை கம்பியில். அணியாபுரம் தாண்டி ஆட்டு மந்தை குறுக்கே வர, அமிர்தசாமி பிரேக்கை மிதித்தார். எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய, கூடை கவிழ்ந்து வெற்றிலை காலடியெல்லாம் பரவியது. "அம்மிணி, இவளைச் சித்தப் புடி" என்று சொல்லி, பக்கத்திலிருந்த மடியில் மகளைப் போட்டுவிட்டு, பொன்னாத்தாள் குனிந்து வெற்றிலையை அள்ளினாள்.

பார்த்துத்தான் போட்டாளா, போட்ட பிறகு பார்த்தாளா என்பது பொன்னாத்தாளுக்கே தெரியாது.

சாரதாமணி முதல் காரியமாகக் கொண்டையிலிருந்த ஊசியை உருவி, பிள்ளைக்கு அடியிலிருந்து இழுத்த தார்ப்பாய்த் துண்டில் ஆழமாகச் செருகி, எட்டத் தள்ளிவைத்தாள். பிறகும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்தாள். செல்லாயி அவள் பொட்டையே பார்த்தது. கனகாம்பரத்தில் ஒரு கண்ணியை இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. அப்புறம் அவள் சேலையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு, வண்டி ஆட்டத்துக்கு ஆடி ஆடித் தூங்கிப்போயிற்று. சாரதாமணியின் கைகள் தாமாக வந்து அதன் முதுகில் கூடின.

பொன்னாத்தாள் வெற்றிலையை அடுக்கிவிட்டு நிமிர்ந்தாள். மகளை வாங்கக் கை நீட்டினாள். தூங்குகிற முகத்தைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டாள். கம்பியைப் பிடித்தபடி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு கூடையைத் தூக்கி இடுக்கிக்கொண்டு, "சித்த நவுந்துக்க" என்று சொல்லி, அந்த அரை சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள். நகர்வதற்கு இடமே இல்லை, சாரதாமணி ஏற்கெனவே ஜன்னலோடு ஒட்டித்தான் இருந்தாள். இருந்தாலும் நகர்ந்தாள்.

பட்டறை நிறுத்தம் வந்தது. கந்தவேல் விசிலடித்தான். சாரதாமணி எழாததைப் பார்த்து, கூட்டத்துக்கு மேலே கழுத்தை நீட்டி, "சாரதாமணி, பட்டறை வந்தாச்சு" என்று கூவினான்.

சாரதாமணி அசையவில்லை. சுட்டுவிரலை உதட்டின்மேல் வைத்து, கண்ணாலேயே மடியைக் காட்டி, வண்டியை எடுக்கச் சொல்லித் தலையை ஆட்டினாள்.