அக்காவின் முறை

போன வாரம் காட்டூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். காந்தி மார்க்கெட்டைத் தாண்டும்போது, கொத்தமல்லியும் நசுங்கிய முட்டைக்கோஸ் இலையும் கலந்த அந்த வாசனை உள்ளே வந்தது. பக்கத்துச் சீட்டு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ மறுபடியும் ஒன்பது வயசாகிவிட்டது, நம்புங்கள்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை என்ன சமையல் என்பதை அம்மா தீர்மானிக்க மாட்டாள். அக்கா, நான், தம்பி மூவரும் முறை வைத்துத் தீர்மானிப்போம். யார் முறையோ அவர்தான் அப்பாவுடன் டவுன் பஸ் ஏறி மார்க்கெட்டுக்குப் போய்க் காய் வாங்க வேண்டும். அப்பா டிராயிங் மாஸ்டர். பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே தவிர, எது நல்ல காய் என்று வாயைத் திறக்க மாட்டார். "நீயே பாத்து எடும்மா. எடுத்தா எடுத்ததுதான்." அவ்வளவுதான் அவர் பாடம். வாங்கி வந்ததை யாரும் குறை சொல்லாமல் சாப்பிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

ஒரு தடவை, என் உயரத்துக்கு இருக்கிறதே என்ற ஆசையில் ஒரு புடலங்காயைத் தூக்கி வந்தேன். சரியான முற்றல். நாரும் விதையுமாக வாயில் வைக்க முடியவில்லை. அப்பா அதை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாலு திட்டு திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன், பாவி மனுஷன்!

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஜாம்ஷெட்பூரில் வேலை. அவள் வீட்டில் இருக்கப்போகிற கடைசி ஞாயிறு என் முறை. அவளுக்குப் பிடித்ததைத்தான் வாங்குவது என்று துள்ளிக்கொண்டு கிளம்பினேன். கடை முன்னால் போய் நின்ற பிறகுதான், அவளுக்கு என்ன பிடிக்கும் என்பதே எனக்குத் தெரியவில்லை என்று உறைத்தது. அவள் முறையில் உருளைக்கிழங்கு வாங்கினால் அது தம்பிக்கு. பரங்கிக்காய் எனக்கு. வாழைப்பூ அப்பாவுக்கு. அப்பாவைக் கேட்டேன். அவரும் விழித்தார்.

ஏதோ கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வந்து, அக்காவிடமே கேட்டுவிட்டேன். சிரித்தாள். "எனக்கா? யோசிச்சதே இல்லடி."

அவள் ஊருக்குப் போன பிறகு அவள் முறை ஞாயிறும் வந்தது. அதை வேறு யாருக்கும் கொடுக்க அப்பாவுக்கு மனசு வரவில்லை. தனியாகக் கிளம்பிப் போனவர் வெறும் பையோடு திரும்பி வந்தார். "எல்லாருக்கும் பாத்து எடுக்கக் கத்துக்கிட்டா. தனக்குன்னு ஒண்ணு எடுக்க நான் சொல்லிக் குடுக்கலையே" என்று அம்மாவிடம் சொன்னார். அன்றைக்கு ரசமும் அப்பளமும்தான்.

அப்பா, அம்மா, அக்கா எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பி வெளியூரில். இப்போது வீட்டில் நான் ஒருத்தி. எனக்குப் பிடித்ததை வாங்கி, நானே சமைத்து, நானே சாப்பிடுகிறேன். ஒரே ஒரு ஞாயிறு அக்கா வந்து உட்கார்ந்து, எனக்கு ஆகவே ஆகாத ஒரு காயைச் சமைக்கச் சொல்ல மாட்டாளா என்று ஏக்கமாக இருக்கிறது. மூச்சுக் காட்டாமல் சாப்பிடுவேன்.