குறிகட்டுவான் துறையில் ஒரு மழை மூட்டம்

கலியாண வீடோ, தேவாலயத்தில் பிள்ளைகளின் முதல் நன்மையோ, கரம்பொன்னில் படம் எடுக்க ஜெனீற்றாவைத்தான் கூப்பிடுவார்கள். நாற்பது கடந்தும் அவள் கலியாணம் கட்டவில்லை. தீவுப்பகுதி முழுக்க ஸ்கூட்டியில் கமராவோடு திரிகிறவள், குறிகட்டுவான் துறைப் பக்கம் மட்டும் போகமாட்டாள்.

சாட்டியில் விடுதி நடத்தும் பிரேமினி அக்கா கார்த்திகை மாதம் கேட்டார்: "சாப்பாட்டறைச் சுவருக்குப் பெரிசா ஒரு படம் வேணும். குறிகட்டுவான் துறை. வெயில்ல எடுத்தது எல்லாரிட்டையும் கிடக்கு. மழை இருட்டில எடுத்துத் தாரும்."

மறுக்க, வெளியில் சொல்லக்கூடிய காரணம் எதுவும் அவளிடம் இல்லை.

காரணம் சந்திரசேகர். நயினாதீவுச் சந்திரமௌலீசக் குருக்களின் மகன். அவளுடைய இருபதுகளில், யாழ்ப்பாணத்தில் கணினி வகுப்பில் பழக்கமானவன். இவள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். இரண்டு வீட்டிலும் சம்மதிக்கமாட்டார்கள் என்று தெரிந்து, பதிவுக் கலியாணம் செய்யத் தீர்மானித்தார்கள். விடியப் படகில் வாறன் என்றான். இவள் துறையில் நின்றாள். படகு படகாகச் சனம் இறங்கியது. கடைசிப் படகும் வந்து போனது. பிறகு, அவன் சுவிஸில் ஒரு கோயிலில் பூசை செய்வதாகக் கேள்விப்பட்டாள்.

பிரேமினி அக்காவுக்காக அவள் துறைக்குப் போன காலை, கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன. துறை மட்டும் கறுப்பாக நீண்டு தெரிந்தது. நயினாதீவுப் படகு வந்து அணைந்தது. சனம் போய் முடியட்டும் என்று கமராவுக்குள் பார்த்தபடி நின்றாள். கடைசியாக, பயணப் பையோடு ஒரு மொட்டைத் தலை இறங்கியது. வேட்டி நுனியை இடக்கையால் தூக்கிப் பிடித்த விதத்தில்தான் ஆளைத் தெரிந்தது.

"ஜெனீற்றாவோ?"

"ஓம்."

"அப்பா மோசம் போயிட்டார். அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தனான். இண்டைக்குத் திரும்பிப் போறன்."

துறைக்கு வெளியே அவனுக்காக வான் ஒன்று நின்றது. இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"அண்டைக்கு ஏன் வரேல்லை?"

அவன் பையைக் கீழே வைத்தான். "சட்டை போட்டு வெளிக்கிட்டனான். அப்பா வாசல்ல கதிரையில இருந்தவர். எங்கை போறாய் எண்டு கேட்டிருந்தா, சொல்லிப்போட்டு வந்திருப்பன். அவர் ஒண்டும் கேக்கேல்லை. என்னையே பார்த்துக்கொண்டு இருந்தவர். தாண்டி வர ஏலாமப் போச்சு."

"ஒரு சொல்லாவது அனுப்பியிருக்கலாம்."

"ஓம். அனுப்பியிருக்க வேணும்."

வான்காரன் ஹோர்ன் அடித்தான்.

"இதில நிக்கிறன். ஒரு படம் எடுப்பீரோ?" என்றான்.

எடுத்தாள். மழை மூட்டத்தில் முகத்தில் நிழல் விழாது. கண்ணோரச் சுருக்கம், மழித்த தலையில் முளைவிட்டிருந்த நரை, எல்லாம் தெளிவாக விழுந்தன.

"எங்கை அனுப்ப?"

அவன் பையைத் தூக்கினான். "உம்மட்டையே இருக்கட்டும்."

வான் போன பிறகு, வெறுந்துறையைப் பிரேமினி அக்காவுக்கு எடுத்து முடித்தாள். தூறல் தொடங்கியது. கமராவை மழைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஸ்கூட்டியைத் திருப்பினாள். இத்தனை வருசமும் அவன் மீதிருந்த கோபந்தான் அவளை நிமிர்ந்து நடக்க வைத்தது. இப்போது கோபிக்கவும் முடியவில்லை. கடல் நடுவே பாலத்தில் வரும்போது, அவன் அன்றைக்குப் போட்ட சட்டை என்ன நிறம் என்று கேட்காமல் விட்டுவிட்டேனே என்று மனம் அடித்துக்கொண்டே வந்தது.