மாட்டுக்கும் உண்டு ஞாயிறு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய நாள். கடைக்குப் போகக் கூடாது, பஸ் ஏறக் கூடாது. டிவி ரிமோட் முந்தின நாளே அப்பாவின் பீரோவுக்குள் போய்விடும். மழை பெய்து கரிசலில் விதைப்புக்கு ஏற்ற ஈரம் ஞாயிறன்று வாய்த்தாலும் அப்பா மாடு பூட்ட மாட்டார். ஈரம் காய்ந்துபோனாலும் கவலைப்பட மாட்டார். சபையில் அவருக்கு ரொம்ப நல்ல பெயர்.

அந்த நல்ல பெயருக்கு ஆக்கிப் போட்டவள் அம்மா. ஆறு நாளும் தீப்பெட்டி ஆபீசில் வேலை. ஏழாம் நாள் வீட்டில் கோழிக்குழம்பு. மாதம் ஒரு ஞாயிறு போதகர் கோவில்பட்டியிலிருந்து எங்கள் ஊருக்கு வருவார். பைக்கில்தான் வருவார், பஸ்ஸில் இல்லை என்பதால் அதில் பாவமில்லை. ஆராதனை முடிந்ததும் சாப்பாடு எங்கள் வீட்டில். சமையலும் வேலைதானே என்று நான் ஒருதடவை கேட்டதற்கு, "அது வேலையா? ஊழியம்லா" என்றார் அப்பா. இந்த வித்தியாசம் அம்மாவின் இடுப்புக்குத் தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கோயிலில் அவள் வாசலோரம் உட்கார்ந்து, பிரசங்கம் பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்க ஓடுவாள். நான் கல்லூரியில் படித்தபோது ஒரு ஞாயிறு அவள் பிரசங்கம் முடியும்வரை எழுந்திருக்கவே இல்லை. அன்று பிரசங்கம் ஓய்வுநாளைப் பற்றியது. ஓய்வு நாம் சம்பாதிக்கிற கூலி அல்ல, கடவுள் கொடுக்கிற ஈவு என்று போதகர் அழகாக விளக்கினார். அதனால்தான் கட்டளையில் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, வீட்டுக்கு வந்த அந்நியன் எல்லாருக்கும் பங்கு இருக்கிறதாம். "மாட்டுக்குக்கூட!" என்று மேடையைத் தட்டினார். அப்பா பலமாகத் தலையாட்டினார்.

போதகரோடு நாங்கள் வீடு சேர்ந்தபோது அடுப்பு எரியவில்லை. ஆராதனை முடிந்ததும் எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்ட அம்மா கட்டிலில் படுத்திருந்தாள். குழம்பாகியிருக்க வேண்டிய கோழி முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, மேலுக்கு முடியலையா?" என்று அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கேன். பாஸ்டரய்யா வரிசையாச் சொன்னாவல்லா, காதைக் குடுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தேன். மகன் வந்தான், மக வந்தா, மாடும் வந்துட்டு. பெண்டாட்டி வரல. இன்னைக்கு ஒருநாள் என்னைய மாட்டோட சேத்துக்கிடுங்க." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போதகர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அப்பாவின் பாடுதான் திண்டாட்டம். கடையில் புரோட்டா வாங்கினால் ஓய்வுநாள் போச்சு, வாங்காவிட்டால் போதகர் பட்டினி. கடைசியில் அப்பா வெங்காயம் உரித்தார், நான் முட்டை பொரித்தேன், பழைய சோற்றுக்குப் போதகர் நீண்ட ஜெபம் செய்தார்.

அம்மா பகலில் தூங்கி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பிவிடுவோமோ என்று பயந்து மூவரும் சாடையிலேயே பேசிக்கொண்டோம்.

வெயில் சாய்ந்த பிறகு கண் விழித்தாள். முகம் தெளிந்திருந்தது. எழுந்து உட்கார்ந்ததும் கேட்டாள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டுனியளா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மா கொண்டையை முடிந்துகொண்டு வாளியை எடுத்தாள்.