கயிறு பிடிக்கிற ஆள்

நான் அடுப்பை அணைத்த பிறகும் ஒருதடவை போய்த் தடவிப் பார்த்துவிட்டு வரும் ஜென்மம் என் வீட்டுக்காரர். உயரமான கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வெளிச்சுவரில் தொங்குவார். மொட்டைமாடியில் நின்று அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொள்வது அவருடைய கூட்டாளி.

போன மாதம் இவருக்கு மஞ்சள்காமாலை. கூட்டாளி வேலை முடிந்ததும் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், கிளம்பும்போது கண்ணை மூடி ஜெபம் பண்ணுவார். அவர் தலை மறைந்ததும் இவர் முனகுவார்: "சும்மா வருவானா? நம்மள சர்ச்சுக்கு இழுக்கத்தான்."

நேற்று வேலையிடத்தில் கூட்டாளி வாயைத் திறந்துவிட்டார். "இயேசுவாலதான் நான் மனுஷனா ஆனேண்ணே. உங்ககிட்ட சொல்லாம இருக்க மனசு கேக்கல. ஞாயித்துக்கிழமை ஒருதரம் வந்து பாருங்க."

இவர் வீட்டுக்கு வந்து குதிகுதியென்று குதித்தார். "நான் சொன்னேன்ல? அவன் சங்காத்தமே இனி வேண்டாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரி, நாளைக்கு ஏழாவது மாடியில தொங்கும்போது கயிறு பிடிக்க வேற ஆளைப் பாருங்க."

இவர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அவனை விட்டா வேற எவனை நம்பிடி கயித்தக் குடுக்கறது?"